கோயில் கூரைக்குப் புல்

நீலகிரித் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்தில் இன்று கோயில் கூரை வேய்கிறார்கள். அவுல் புல் கட்டுக்கட்டாக ஜீப்பில் வந்து இறங்குகிறது.

ஜீப்பில்!

முன்பெல்லாம் மந்துக்குப் பக்கத்துச் சதுப்பிலேயே அறுத்த புல் அது.

தோடர் கோயிலின் வளைந்த கூரைக்கு மரபுப்படி இந்தப் புல்தான். தாவரவியலில் எரியோகிரிசிஸ் ரங்காச்சாரி. நீலகிரியின் மேல்மலைச் சதுப்பில், வேர் எப்போதும் ஈரத்தில் நின்றால்தான் தழைக்கும்.

அந்த ஈரத்தைக் கெடுக்க ஜேசிபி வேண்டாம், ஒரு மண்வெட்டி போதும். கேரட், உருளை போடச் சதுப்பின் ஓரமாக ஒரு வடிகால் வெட்டுவார்கள். நீர்மட்டம் இறங்கும். மேட்டுச் செடிகள் உள்ளே வரும், அவுல் ஒதுங்கும். பார்வைக்கு எல்லாம் பச்சைதான், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

1843-ல் நீலகிரிக்கு வந்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மிச்ச ஈரத்தையும் உறிஞ்சுகிறது.

சீகை மரம் (வாட்டில்) இன்னும் மோசம். வெட்டிவிட்டு எரித்தால், மண்ணில் பல பத்தாண்டு உறங்கும் விதைகளின் கெட்டித் தோல் சூட்டில் வெடித்து மொத்தமாக முளைக்கும். கன்றாக இருக்கும்போதே, மழையில் மண் இளகிய நேரத்தில் வேரோடு பிடுங்க வேண்டும். அடுத்த ஆண்டும் அதே வேலை.

புல் தூரைப் பிரித்து நடுவதெல்லாம் பிறகு. முதலில் அந்த வடிகாலை மண் போட்டு அடைக்கணும்.