மலப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'எஸ்' (மருந்து கேட்கும்) என்று இருந்தும் மருந்து ஏன் கேட்பதில்லை?

குழந்தைக்குத் தண்ணீர் தண்ணீராகப் போனால் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. ஓ.ஆர்.எஸ். போதும், கூடவே 14 நாள் துத்தநாகம்: ஆறு மாதத்துக்குமேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழே 10. 20.5 கிராம் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். கண்ணளவாகப் பாதியைத் தம்ளரில் கொட்டினால் உப்பு ஏறிவிடும்.

ரத்தமும் சளியும் கலந்து போய், காய்ச்சலும் அடித்தால் கதை வேறு. அங்கே முதல் சந்தேகம் ஷிகெல்லா என்ற பாக்டீரியா. மலத்திலுள்ள கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சரைக் கேட்பது அப்போதுதான்.

மாதிரியை ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்பே எடுக்க வேண்டும். ஷிகெல்லா தொட்டாற்சிணுங்கி. உடலைவிட்டு வெளியே வந்த மலத்தில் அமிலம் ஏற ஏறச் செத்துப்போகும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாதென்றால், ரத்தமும் சளியும் உள்ள இடத்தை ஸ்வாபில் (பஞ்சுக் குச்சியில்) தொட்டு, கிருமியைச் சாகாமல் வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் செருகி, குளிரில் அனுப்ப வேண்டும். காய்ந்த டயப்பரிலிருந்து சுரண்டி அனுப்பிவிட்டு 'கிருமி வளரவில்லை' என்ற முடிவை நம்புவதில் அர்த்தமில்லை.

இனி ரிப்போர்ட். ஷிகெல்லா என்று வந்து, ஜென்டாமைசின், அமிகாசின், செஃபலெக்சின், செஃபுராக்சிம் எதிரே 'எஸ்' இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். தட்டில் கிருமியும் மருந்தும் நேருக்கு நேர் நிற்கின்றன. குடலிலோ ஷிகெல்லா செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. ஜென்டாமைசின் போன்றவை செல்லுக்குள் சரியாக நுழைவதில்லை. ஜென்டாமைசின்-அமிகாசின் வகை, செஃபலெக்சின்-செஃபுராக்சிம் வகை இரண்டையும் ஷிகெல்லாவுக்கு 'எஸ்' என்று எழுதவே கூடாது என்பது ஆய்வக விதி. ஆனாலும் எழுதுகிறார்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின் வரியைப் பார்க்கும்போது அதே குடும்பத்துப் பழைய மருந்தான நாலிடிக்சிக் அமிலத்தின் வரியையும் சேர்த்துப் பாருங்கள். இந்த மருந்துகள் தாக்குவது கிருமியின் கைரேஸ் நொதியை; அதில் ஓரிடம் மாறினாலே நாலிடிக்சிக் அமிலம் கேட்காது. சிப்ரோவுக்கும் பாதி வழி அடைபட்டுவிடும். சிப்ரோ தாக்கும் இன்னொரு நொதிக்கான பார்-சி மரபணுவிலும் மாற்றம் சேரும்போது சிப்ரோ முழுக்கக் கைவிடும். கிருமியை வளரவிடாமல் தடுக்கத் தேவையான சிப்ரோ அளவு முன்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரை 'எஸ்' என்றிருந்த எல்லையை 0.25 ஆகக் குறைத்தது இதனால்தான். பழைய அட்டவணையே ஓடும் லேபில் அரைகுறை எதிர்ப்பு 'எஸ்' ஆகவே வெளிவரும். தட்டில் வைக்கும் அசித்ரோமைசின் வில்லையைச் சுற்றி, முக்கியமாக ஷிகெல்லா சோனி என்ற இனத்தில், கிருமி வளராத வளையம் சிலசமயம் இரட்டையாக விழும். அப்போது உள்வளையத்தைத்தான் அளக்க வேண்டும்.

வைரஸ் பேதிக்குக் கொடுக்கும் ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் சிரப்பும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். அது வைரஸைத் தொடாது. குடலில் குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் மருந்துக்கு மசியாதவற்றை மட்டும் மிச்சம் வைக்கும். அவற்றின் எதிர்ப்பு மரபணுக்களில் பல பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையத்தில் ஏறி ஷிகெல்லாவுக்குக் கைமாறும். இப்படி எதிர்ப்பு கைமாறுவது ஜப்பானில் 1959லேயே தெரியவந்தது. அங்கே அதற்குமுன்பே சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் நான்குக்கும் ஒருசேர அடங்காத ஷிகெல்லா பரவியிருந்தது.

ரத்தபேதிக்கு மருந்து தொடங்கினால் 48 மணி நேரம் கணக்கு. காய்ச்சல், ரத்தம், போகும் தடவை இவை குறைந்து, பசி திரும்பினால் மருந்து கேட்கிறது. இல்லையென்றால் அதையே நீட்டிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் மருந்தை மாற்றக் கேளுங்கள். சிறுநீர் குறைந்து குழந்தை வெளிறிப்போனால் அந்த 48 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.