பிறந்த இடம்: குவாதர்

மஸ்கட்டில், ரூவி பக்கம் ஒரு கட்டுமான கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். பதவியின் பெயர் அட்மின் அசிஸ்டென்ட். செய்ததெல்லாம் பாஸ்போர்ட் நகல்களோடு மல்லுக்கட்டுவதுதான். யாருடைய பதாக்கா (அடையாள அட்டை) எப்போது முடிகிறது, யாருக்கு விசா அடிக்க வேண்டும், மொத்த ஆட்களில் ஓமானிகள் எத்தனை பேர் என்று எல்லாம் என் எக்செல் ஷீட்டில் இருக்கும். இதில் கடைசிக் கணக்குதான் உயிர்நாடி. ஓமானிகளை இத்தனை சதவீதம் வேலைக்கு வைத்தே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம். அது குறைந்தால் புது விசா கேட்டுப் போக முடியாது.

2006இல் அந்தக் கணக்கில் ஒரு ஆளைக் குறைத்துவிட்டேன்.

பழைய ஷீட்டை மாற்றிப் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தேன். முந்நூறு பேருக்கும் தேசம் என்ற கட்டத்தைத் தனித்தனியாக அடிக்கச் சோம்பல். பிறந்த ஊர்ப் பட்டியல் ஒன்று தயார் செய்து, ஊரைப் பார்த்து நாட்டை அதுவே நிரப்பிக்கொள்ளும்படி ஒரு ஃபார்முலா போட்டேன். திருச்சி என்றால் இந்தியா, சிட்டகாங் என்றால் பங்களாதேஷ். எங்கள் யார்டு வாட்ச்மேனுக்குப் பிறந்த ஊர் குவாதர், வருடம் 1952. ஷீட் அவரைப் பாகிஸ்தானி ஆக்கிவிட்டது. அவரோ ஓமான் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்.

அரசு அலுவலகங்களுக்குக் காகிதம் கொண்டுபோகும் ஆளை அங்கே மந்தூப் என்பார்கள். எங்கள் மந்தூப்பும் அந்த வாட்ச்மேனைப் போல ஒரு பலூஷிதான். பலூசிஸ்தான் வழிவந்த பலூச்சிகளை ஓமானில் அப்படித்தான் சொல்வார்கள். கம்பெனியில் இருந்த பலூச்சிப் பையன்கள் அவரை 'வாஜா' என்று கூப்பிடுவார்கள். பலூச்சியில் ஐயா என்கிற மாதிரியான சொல். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அன்று கவுண்டரில் இரண்டு மணி நேரம் நின்று திரும்பியவர், காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்: “பாய், 1952இல் குவாதர் யாருடையது?”

“பாகிஸ்தான்தானே வாஜா?”

“யார்டுக்குப் போய்க் கிழவரிடம் கேள்.”

சரி என்று போனேன். பெரியவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். “நான் பிறந்தபோது எங்கள் ஊர்க் கோட்டையில் சுல்தானுடைய சிவப்புக் கொடி. எனக்கு ஆறு வயதில் அதை இறக்கிவிட்டார்கள்” என்றார். அவ்வளவுதான். அப்புறம் யார்டில் சிமெண்ட் திருட்டு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

விவரமாகச் சொன்னவர் வாஜாதான், அதுவும் காரில். மந்தூப்புடன் காரில் போவது எங்கள் கம்பெனியில் ஒரு தனிப் படிப்பு. குவாதர் என்பது பலூசிஸ்தானின் மக்ரான் கரையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மீனவர் ஊர். மஸ்கட்டிலிருந்து கடல் வழியே சுமார் 400 கிலோமீட்டர். 1783 வாக்கில், மஸ்கட்டில் குடும்பச் சண்டை வந்து தப்பி ஓடிய இளவரசர் சுல்தான் பின் அஹ்மது, பலூசிஸ்தானில் கலாத் என்ற அரசை ஆண்ட நசீர் கானிடம் அடைக்கலம் கேட்டார். கான் அவருக்குக் குவாதரை விட்டுக்கொடுத்தார். நிரந்தரமாகக் கொடுத்தாரா, பிழைத்துப் போகட்டும் என்று சில காலத்துக்குக் கொடுத்தாரா என்பதில் இரண்டு பக்கமும் பிறகு தலைமுறை தலைமுறையாக வழக்காடினார்கள். இளவரசர் திரும்பிப் போய் மஸ்கட்டை ஆண்டார். குவாதரை மட்டும் திருப்பித் தரவில்லை. 1958 செப்டம்பரில்தான் சுல்தான் சயீத் பின் தைமூர் அதை 30 லட்சம் பவுண்டுக்குப் பாகிஸ்தானிடம் விற்றார். ஆக 170 வருடத்துக்கு மேல் அந்த ஊர் ஓமான். அங்கிருந்து மஸ்கட்டின் துறைமுகப் பகுதியான மத்ராவுக்குப் படகேறி வந்தவனை வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இன்றுவரை சரியான சொல் கிடைக்கவில்லை. நம் ஊரில் வந்தேறி என்று ஒரு சொல்லை எவ்வளவு சுலபமாக வீசிவிடுகிறார்கள்!

எல்லா பலூச்சிகளும் குவாதர்காரர்கள் இல்லை. வாஜாவின் குடும்பம் உள்நாட்டு மக்ரானிலிருந்து சிப்பாய் வேலைக்கு வந்தது. ஓமான் சுல்தான்களுக்கு உள்ளூர் அரபுக் குலங்களை முழுசாக நம்ப முடியாத காலம் நிறைய இருந்தது. இந்தக் குலத்துக்கும் அந்தக் குலத்துக்கும் உறவோ பகையோ இல்லாத ஆள் வேண்டும். பலூச்சி அதற்குப் பொருத்தமாக இருந்தான். மக்ரானோ மழை பொய்த்தால் பிழைக்க வழியில்லாத பூமி. ரூவியில் பைத் அல் ஃபலஜ் என்று ஒரு வெள்ளைக் கோட்டை உண்டு. இப்போது ராணுவ மியூசியம். 1921இல் பிரிட்டிஷார் ஏற்பாட்டில் மஸ்கட் லெவி கோர் என்ற படை உருவானபோது அதில் பெரும்பாலோர் பலூச்சிகள். வாஜாவின் தாத்தா அந்தப் படையில் இருந்தவர். அப்பா, 1965இல் தொடங்கிப் பத்து வருடம் ஓமானின் தெற்கே நடந்த தோஃபார் போரில் இருந்தார். நாங்கள் கோட்டையைத் தாண்டும்போதெல்லாம் வாஜா ஹார்னை லேசாக ஒருமுறை தட்டுவார். முதலில் ஆடு ஏதும் குறுக்கே வந்ததோ என்று நினைத்தேன்.

எங்கள் ரிசப்ஷன் பெண்ணும் அல் பலூஷியாதான். ஆனால் போனில் அம்மாவிடம் பேசுவது சுவாஹிலி. இது என்ன கூத்து என்று வாஜாவைக் கேட்டேன். அன்றைய ஓமான் சுல்தான் சயீத் பின் சுல்தான் 1840 வாக்கில் தன் அரசவையையே கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஸான்ஸிபாருக்கு மாற்றியவர். அவரோடு பலூச்சிப் படைவீரர்களும் போனார்கள். 1857இல் பிரிட்டிஷ் பயணிகள் பர்ட்டனும் ஸ்பீக்கும் ஆப்பிரிக்காவின் உள்ளே பெரிய ஏரிகளைத் தேடிப் போனபோது காவலுக்குப் போனவர்களிலும் பலூச்சிகள் உண்டு. போனவர்கள் அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். 1964இல் ஸான்ஸிபார் புரட்சி, அங்கே அரபு ஆட்சி கவிழ்ந்தது. 1970இல் சுல்தான் காபூஸ் ஓமானில் பதவிக்கு வந்து, படித்தவர்கள் நாடு திரும்பலாம் என்றதும் ஓமான் வழிக் குடும்பங்கள் பல மஸ்கட் வந்தன. மக்ரானிலிருந்து கிளம்பிய ஒரு குடும்பம் ஆப்பிரிக்கா சுற்றிக்கொண்டு ரூவி ரிசப்ஷனுக்கு வந்து சேர இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பலூச்சியில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம்.

அல் பலூஷி என்ற பெயரும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஊரில் ரிந்த், ஹோத் என்று குலம் குலமாக இருந்தவர்களில் பலர் ஓமான் காகிதத்தில் ஒரே பெயராகிவிட்டார்கள். சிலர் அல் ரயீஸி, அல் ஸத்ஜாலி என்று தனிப்பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். என் ஷீட்டை அகர வரிசையில் அடுக்கினால் பலூஷிகள் மட்டுமே ஒரு திரை முழுக்க வருவார்கள். ஆரம்பத்தில் எல்லாரும் அண்ணன் தம்பி என்றே நினைத்திருந்தேன்.

ஒரு பெருநாளுக்கு மத்ராவில் ஜிப்ரூ என்ற பலூச்சிக் குடியிருப்புக்கு வாஜா கூட்டிப் போனார். 'வஷ் ஆத்கே' என்று வரவேற்பு. சின்னப் பெண் பிள்ளைகள் மார்பிலும் கையிலும் நெருக்கமாகப் பூத்தையல் போட்ட உடையில் ஓடினார்கள். முன்பக்கம் நீளமாக ஒரு பை தைத்திருந்தது. அதில்தான் பெருநாள் காசு போகிறது. பள்ளிக்கூடத்தில் அரபிதான், பலூச்சி கிடையாது. பாட்டி பலூச்சியில் கேட்க, பிள்ளைகள் அரபியில் பதில் சொன்னார்கள்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். சைட்டில் டிரெய்லர் ஓட்டிய ஒருவர் பாகிஸ்தானின் கலாத் பக்கத்துக்காரர், பலூச் என்றே சொல்லிக்கொள்வார். ஒருநாள் கம்பி இறக்கும்போது 'அசித், இரட், முசித்' என்று எண்ணினார். எனக்குக் காது விடைத்துக்கொண்டது. பிராகுயி மொழி! நம் திராவிடக் குடும்பம். நாலிலிருந்து சார், பஞ்ச் என்று பாரசீகத்துக்குத் தாவிவிட்டது. அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். நீ என்றால் நீ. கல்லுக்கு ஃகல், கண்ணுக்கு ஃகன், பாலுக்கு பால்ஹ். அவருக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. “அப்படியென்றால் நீயும் பலூச்” என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆனால் எல்லாம் இப்படி இனிப்பாக இருக்கவில்லை. ஒரு மீட்டிங்கில் ஓமானி மேலாளர் ஒருவர் வாஜாவைப் பற்றி “அவன் பலூஷிதானே” என்றார். அந்த 'தானே'வில் எல்லாம் இருந்தது. வாஜாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அதே வாரம் எங்கள் மெஸ்ஸில் நம் ஆட்கள் இருவர், “பாகிஸ்தான்காரனுக்கு எப்படிடா ஓமான் பாஸ்போர்ட்?” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் ஃபார்முலாவும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தது.

அன்றைக்கே ஷீட்டைத் திருத்தினேன். தேசத்தை ஃபார்முலாவில் விடாமல் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்தேன். ஊர்ப் பட்டியலில் ஓமானுக்குக் கீழே மஸ்கட், சோஹார், சூர், சலாலாவோடு குவாதர் என்று ஒரு வரி சேர்த்தேன். வாஜா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

2012இல் ஊர் திரும்பினேன். அடுத்த வருடம், என் இடத்துக்கு வந்த தம்பி போன் செய்தார். “சார், உங்க ஷீட்ல ஓமான் லிஸ்ட்ல குவாதர்னு ஒரு ஊர் இருக்கு. கூகுள்ல பார்த்தா பாகிஸ்தான்ல காட்டுது. தப்பா விழுந்திருக்கு, அழிச்சிடவா?”

“யார்டு வாட்ச்மேன் இருக்காரா தம்பி?”

“அவர் ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டாரே சார். இப்போ அந்த ஊர்க்காரங்க யாரும் இல்லை.”

“இருக்கட்டும், அழிக்காதீங்க” என்றேன்.