ஜூன் மாதத்தில் வாங்கிய டைரி

ஜூன் மாதத்தில் போய் டைரி கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். மும்பை கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரெஹ்மான் தெருவில் மூன்று கடைகளில் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நாலாவது கடைக்குப் போனேன். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு பழுப்பு அட்டை டைரியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். நாளுக்கு ஒரு பக்கம். போட்டிருந்த விலை 380, நான் கொடுத்தது 150.

முன்பெல்லாம் டைரி காசு கொடுத்து வாங்குகிற பொருளே இல்லை. ஜனவரி பிறந்தால் வங்கி, இன்ஷூரன்ஸ், மருந்துக் கம்பெனி என்று யாராவது கொடுப்பார்கள். அதில் பால் கணக்கும் கோலமும்தான் போடுவோம். 2020 செப்டம்பரில் மத்திய அரசே தன் அமைச்சகங்கள் டைரியும் காலண்டரும் அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஓசி டைரி வற்றிய பிறகுதான் எனக்கு எழுதும் ஆசை வந்தது. என் ராசி அப்படி.

அதுவும் ஒரு சண்டையில் வந்த ஆசை. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய செவ்வாய்க்கிழமை. நான் வந்த லோக்கல் ரயில் சயானில் நின்றுவிட்டது. அங்கிருந்து முலுண்ட் வரை நடந்தே வந்தேன். ஒரு செருப்பு தண்ணீரில் போனது, வழியில் யாரோ ஒரு அம்மாள் பிஸ்கட் கொடுத்தது, கட்டியிருந்த புடவையின் கரை எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் வீடு வந்து சேர்ந்தது எத்தனை மணிக்கு? என் வீட்டுக்காரர் ராத்திரி மூன்று மணி என்கிறார். நான் பொழுது விடிந்து பால்காரர் வந்த பிறகு என்கிறேன். இருபது வருஷமாக இதே வழக்கு. இந்த முறை மழை தொடங்கும்போது வழக்கு மறுபடி எழுந்தது, மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் டைரி வாங்கிவிட்டேன்.

முதல் மூன்று வாரம் படு தோல்வி. டைரி என்றால் மனதில் இருப்பதைக் கொட்டுவது என்று நினைத்துக்கொண்டு கொட்டினேன். பிறகு எடுத்துப் படித்துப் பார்த்தால் இருபது நாளில் பதினொரு இடத்தில் ‘மனசு சரியில்லை’ என்று இருக்கிறது. ஏன் சரியில்லை என்று ஒரு இடத்திலும் இல்லை. எனக்கே அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை.

வழி காட்டியது எங்கள் சேட்ஜி. மஸ்ஜித் பந்தரில் மசாலா, உலர்பழ வியாபாரம், நான் அங்கே கணக்கு பார்க்கிறேன். கணக்கு எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆனாலும் தீபாவளிக்குச் சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு வைத்து சோப்டா பூஜை நடக்கும். சேட்ஜியின் அப்பா எழுதிய ரோஜ்மேள், அதாவது அன்றாட வரவு செலவுப் புத்தகங்கள், இன்னும் ஒரு மர அலமாரியில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டச் சொன்னேன். கணக்கோடு கணக்காக ஓரத்தில் ‘இன்று மழை, கூலியாட்கள் வரவில்லை’ என்ற மாதிரி வரிகள். சேட்ஜி குஜராத்தியிலிருந்து இந்திக்கு மாற்றிப் படித்துக் காட்டிவிட்டு, “ரோஜ்மேள் அன்னன்னிக்கே எழுதணும். மறுநாள் எழுதினா அது கணக்கு இல்லை, கதை” என்றார்.

நம் ஊரிலும் பெரிய டைரிக்காரர் ஒரு வியாபாரிதான் என்பது அப்போது ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதியிருக்கிறார். கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டே போவார். சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதியாகப் போட்டது, 1904இல் ஆரம்பித்து 1928இல்தான் முடிந்தது. பிள்ளையும் ‘மனசு சரியில்லை’ என்று மட்டும் எழுதிவைத்திருந்தால் பன்னிரண்டு பக்கம்கூடத் தேறியிருக்காது.

சரி, ஜூலை முதல் முறையை மாற்றினேன். ராத்திரி பாத்திரம் கழுவிய கையோடு ஐந்து வரி. குழாய்த் தண்ணீர் எப்போது வந்து எப்போது நின்றது, வண்டி, அம்மாவின் உடம்பு, செலவு, யாரிடம் என்ன பேசினேன். இருந்தால் ஆறாவது வரி. எழுதும்போது சத்தியமாகச் சலிப்பாகத்தான் இருந்தது. ‘தண்ணீர் 5.40 முதல் 6.15. வண்டி 12 நிமிஷம் லேட். அம்மா சரி.’ இதை யார் படிப்பார்கள்?

ஆகஸ்டில் படித்தது டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நடுவில் தலை சுற்றுகிறது என்றாள். டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டதும் அம்மா, “ரெண்டு வாரமா” என்றாள். எதைக் கேட்டாலும் அம்மாவுக்கு ரெண்டு வாரம்தான். நான் பையிலிருந்து டைரியை எடுத்தேன். ஆறு வாரத்தில் ஐந்து முறை. அதில் நான்கு வெள்ளிக்கிழமை. டாக்டர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்றார். விரதம். மாத்திரையை மட்டும் கடமையாகப் போட்டுவிட்டு மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரில் இருந்திருக்கிறாள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும் என்று டாக்டர் அம்மாவிடம் பத்து நிமிஷம் பேசினார். ஐந்தாவது முறை ஏன் வந்தது என்பதும் டைரியில் இருந்தது, அன்று ஆடி அமாவாசை. வெளியே வந்ததும் அம்மா என்னிடம், “காட்டிக் கொடுத்திட்டியே” என்றாள்.

அடுத்தது எங்கள் பில்டிங் சொசைட்டி. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் சமையலறைக் கூரையில் ஈரம். நான் இதை முதல் தடவை சொன்னதே போன மாதம்தான் என்று மீட்டிங்கில் ஒருவர் அடித்துப் பேசினார். ஜூலை 8, ஜூலை 21, ஆகஸ்ட் 2 என்று தேதியை வாசித்தேன். ஆகஸ்ட் 2ஆம் தேதி அவர் சொன்ன பதிலையும் வாசித்தேன். கூட்டத்தில் சிரிப்பு. கூரை இன்னும் ஒழுகுகிறது, அது வேறு விஷயம்.

செப்டம்பரில் கணபதி வந்தார், டைரி நின்றது. விருந்தாளிகள், அலைச்சல், பத்தொன்பது நாள் வெற்றுப் பக்கம். வெற்றிடம் கண்ணை உறுத்தியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போன் மெசேஜ், பணம் அனுப்பிய கணக்கு எல்லாம் வைத்து நிரப்பினேன். செலவு மட்டும் சரியாக வந்தது. மற்றபடி பத்தொன்பது நாளும் ஒரே நாள் மாதிரி, ‘நல்ல கூட்டம், நல்ல தரிசனம்’. சேட்ஜி சொன்ன கதை இதுதான். இப்போது விட்டால் விட்டதுதான், பக்கம் காலியாகவே இருக்கும்.

நடுவில் ஒரு விஷப்பரீட்சை. வீட்டில் திறந்து கிடக்கிற டைரியில் நாத்தனாரைப் பற்றி எழுத முடியுமா? என் அப்பா பம்பாய்க்கு வந்ததே டைப்பும் சுருக்கெழுத்தும் வைத்துக்கொண்டுதான், அந்தக் காலத்து நம் ஆட்கள் பாதிப்பேர் போல. எனக்கும் பத்தாவது லீவில் பிட்மன் முறைச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தார். லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் 1660 முதல் 1669 வரை தன் டைரியைச் சுருக்கெழுத்தில்தான் எழுதினார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். 1666இல் ஊரே பற்றி எரிந்தபோது பாலாடைக்கட்டியைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்த மனிதர். அவரால் முடிந்தால் என்னால் முடியாதா என்று ரகசியங்களைப் பிட்மனில் எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து என் ரகசியம் எனக்கே புரியவில்லை. பிட்மனில் ஆங்கில p-யும் b-யும் ஒரே கோடுதான். ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. பென்சிலில் வரும் அந்த வித்தியாசம் ஜெல் பேனாவில் வராது. அக்டோபர் 9ஆம் தேதி அம்மாவுக்கு நான் கொடுத்தது மாத்திரை என்கிற பில்லா, மருந்துக்கடை ரசீது என்கிற பில்லா என்று இன்றுவரை தெரியாது. (தமிழில் எழுதியிருந்தாலும் அதே கதிதான்.) நாத்தனார் விஷயத்தை இப்போது பேசித் தீர்த்துக்கொள்கிறேன், அல்லது எழுதாமல் விடுகிறேன்.

கொட்டி எழுதுவது சுத்தமாக வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம், தங்களை மிகவும் உலுக்கிய விஷயத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதிய உடனே அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது, ஆனால் பின்வந்த மாதங்களில் டாக்டரிடம் போவது குறைந்தது. அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி நானும் டைரியில் இல்லாமல் தனித்தாளில் நாலு நாள் எழுதினேன். முதல் இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் தலைவலி. நாலாம் நாள் பார்த்தால் அப்பாவின் ஆஸ்பத்திரி கட்டில் எந்தப் பக்கம் இருந்தது, ஜன்னலில் என்ன தெரிந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாள்களை வைத்திருக்கிறேன், திரும்பப் படிக்கவில்லை.

பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. மும்பை மழைக்காலத்தில் தாள் நமுத்துப்போகும், மைப்பேனா பின்பக்கம் வரை ஊறும். சாதாரண பால் பாயிண்ட்தான் சரி. ராத்திரி பிளாஸ்டிக் உறையில் போட்டு, உள்ளே ஒரு துண்டு வசம்பு வைக்கிறேன், பூச்சி வரவில்லை. எரிச்சலான விஷயம் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நிறைய எழுதக் கிடைக்கும் ஒரே நாள் அது, டைரி போடுகிறவர்கள் அதற்குத்தான் அரைப்பக்கம் கொடுக்கிறார்கள்.

அப்புறம் ஜூனில் வாங்கியதால் முன்னால் ஐந்து மாதம் காலி. இந்த 150 சொச்சம் பக்கம் என்ன ஆவது என்று முதலில் மனசு கேட்கவில்லை. இப்போது ஜனவரி முழுக்க அகராதி மாதிரி: தலைசுற்றல் எந்தெந்தத் தேதி, ஒழுகல் எந்தெந்தத் தேதி என்று. பிப்ரவரியில் அம்மாவின் மாத்திரைப் பட்டியல், காஸ் சிலிண்டர் மாற்றிய நாட்கள்.

மார்ச் மாதம் நான் கொடுத்தது இல்லை, எடுத்துக்கொள்ளப்பட்டது. போன வாரம் சும்மா புரட்டும்போது பார்த்தேன். பென்சிலில், அம்மாவின் சாய்ந்த எழுத்து. மார்ச் 1: ‘தண்ணி 6.10க்கே நின்னுட்டு. இவள் 6.15 என்று எழுதியிருக்கிறாள்.’ மார்ச் 2: ‘இன்று எனக்குத் தலை சுற்றவில்லை. யாரும் கேட்கவில்லை.’ மார்ச் 9 வரை வந்திருக்கிறாள்.

அடுத்த நாளே மாட்டுங்காவில் இறங்கி, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் போட்ட தமிழ் டைரி ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“தனி டைரி எதுக்குட்டி? இதுல இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல சும்மாதான கெடக்கு.”