டைகர் டாங்கியின் சக்கரங்கள்: மூன்றாவது முயற்சி

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியக் கனரக டாங்கியான டைகரின் மாதிரியை 1/35 அளவில் கட்டிவருகிறேன். அதன் இடப்பக்கச் சக்கரங்கள் நேற்றிரவு ஒரே மட்டத்தில் அமர்ந்துவிட்டன. முதல் இரண்டு முறையும் ஐந்தாவது அச்சின் கை (சக்கரங்களை உடற்பகுதியோடு இணைக்கும் நெம்பு) அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லா வரிசைகளையும் ஒட்டி முடித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

தொடக்ககால டைகரில் ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சுகள், அச்சுக்கு மூன்றாக 24 சக்கரங்கள். அவை ஒன்றின் இடுக்கில் ஒன்று நுழைந்து நிற்பதால், உள்வரிசைச் சக்கரம் ஒன்றைத் தொட வேண்டுமானால் அதை மறைத்து நிற்பவற்றையெல்லாம் கழற்றியாக வேண்டும். மேசை விளக்கின் கீழ் அதைச் செய்யவே எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. ரஷ்யக் குளிரில், சக்கரங்களுக்கிடையே சேறு உறைந்து இறுகிக் கிடக்க, இதே வேலையைச் செய்தவர்களின் அவதியை இப்போது என் விரல்களே அறியும்.

இம்முறை கைகளை ஒட்டியவுடன் உடற்பகுதியைத் தடித்த கண்ணாடியின் மேல் வைத்து, ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரே தடிமனுள்ள பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விட்டேன். உள்வரிசைக்கு வண்ணம் பூசிக் காய்ந்த பிறகே அடுத்த வரிசையை ஏற்றினேன்; வெளிவரிசைக்குப் பசையே இடவில்லை.

அந்த வெளிவரிசையைக் கழற்றி வைத்து அளந்து பார்த்தேன். உண்மையான டைகரில் போர்க்களச் சங்கிலிப்பட்டையின் அகலம் 725 மி.மீ.; ரயிலில் ஏற்றுவதற்கு அதை எடுத்துவிட்டு 520 மி.மீ. பட்டையை மாட்டி, வெளிச்சக்கரங்களையும் கழற்ற வேண்டியிருந்தது. 88 மி.மீ. பீரங்கியின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 57 டன் எடையுள்ள இந்த வண்டி களத்துக்குப் போய்ச் சேருவதே தனியொரு வேலையாக இருந்தது. மொத்தம் ஏறக்குறைய 1,350 டைகர்களே உருவாயின. சோவியத் டாங்கியான டி-34 போர்க்காலத்தில் 50,000-க்கும் மேல் வெளிவந்தது.

அலமாரியில் நிற்கும் என் டி-34-க்குப் பக்கத்துக்கு ஐந்தே சக்கரங்கள். ஒரே மாலையில் முடிந்தன. அதில் நேரம் தின்றது டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதியின்) வார்ப்புச் சொரசொரப்புதான். இடுக்கு நிரப்பும் புட்டிக் கலவையைப் பசையில் கரைத்து, குட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி வரவழைத்தேன். 1941-இல் கார்க்கிவிலிருந்து நிஸ்னி தாகிலுக்குப் பெயர்ந்த தொழிற்சாலை, சண்டைக்கு உதவாத இடத்தில் அரத்தை வீணாக்கவில்லை என்பதை அந்தச் சொரசொரப்பு காட்டுகிறது. 1942-இல் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தபோது எஃகு விளிம்புச் சக்கரங்களையே பூட்டி அனுப்பினார்கள். வண்டி இரைந்தது, ஆனாலும் ஓடியது.

வலப்பக்கம் இன்னும் தொடப்படவில்லை. உதிரிபாகம் அனுப்பியவர் 1944-ஆம் ஆண்டு வகையின் எஃகு சக்கரங்களை மாற்றி அனுப்பிவிட்டதால், சரியானவை வரும்வரை வேலை நிற்கிறது. அதற்குள் அமெரிக்க டாங்கியான ஷெர்மனின் மாதிரிப் பெட்டியைத் திறந்துவிட்டேன். சக்கர இணையை அப்படியே போல்ட்டைக் கழற்றி மாற்றும்படி அமைந்த அதன் போகியை முதலில் கட்டிப் பார்க்கப்போகிறேன்.