ஐந்தாம் மாத ஸ்கேனில் 10.8 என்று வந்தபோது

ஐந்தாம் மாத ஸ்கேனை 19-ஆவது வாரத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்று என் மகப்பேறு மருத்துவர் பிடிவாதமாகச் சொன்னார். காரணம் பிறகுதான் விளங்கியது. சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் மறு ஸ்கேன், எம்.ஆர்.ஐ., மரபணுச் சோதனை என்று வாரங்கள் ஓடிவிடும். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 24 வாரங்களைத் தாண்டிவிட்டால் கருவின் கடுமையான குறைபாட்டுக்காகக் கலைப்பதற்கும் மருத்துவக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்த நிலை எதிரிக்கும் வர வேண்டாம். ஆனாலும் யோசிக்க அவகாசம் கையில் இருப்பது நல்லது.

பெரம்பூரில் வீட்டுக்கு அருகிலிருந்த ஸ்கேன் மையத்துக்குப் போனோம். ஆதார் நகல், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம், குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்து. குழந்தை முதுகைக் கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்ததால் முதுகெலும்பு சரியாகத் தெரியவில்லை. "கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்" என்று வெளியே அனுப்பினார்கள். அந்தக் குறுகிய நடைவழியில் இன்னும் சில கர்ப்பிணிகளும் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் வீட்டுப் பிள்ளையும் அன்றைக்கு அடம்தான் போலிருக்கிறது.

மறுபடி படுத்தபோது முதுகு தெரிந்துவிட்டது. ஆனால் அறிக்கையில் வேறொரு வரி: பக்கவாட்டு வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிற்கும் அறை) 10.8 மி.மீ., லேசான வென்ட்ரிகுலோமெகாலி (அந்த அறையின் விரிவு). என்னவென்று கேட்டதற்கு, "உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்" என்பதோடு சரி. வாரக் கடைசியில் இப்படி ஒரு தாளைக் கொடுத்து ஒரு கர்ப்பிணியை வீட்டுக்கு அனுப்புவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

"மூளையில் தண்ணீர் கோத்திருக்கிறதாமே?" என்று அத்தை கலங்கினார். கரு மருத்துவ நிபுணரிடம் போன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. வென்ட்ரிக்கிள் என்ற இந்த நீர் அறைகள் எல்லோர் மூளையிலும் உண்டு. கருவில் அதன் அகலம் 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 15-ஐத் தாண்டினால் கடுமையானது என்றார்.

அவர் அளந்த விதத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதுகுத்தண்டில் திறப்பு இருக்கிறதா என்று அறிய முதலில் தலையைத்தான் பார்த்தார். முதுகில் திறப்பு இருந்தால் அதன் வழியே தண்டுவட நீர் கசியும். பின்மூளை கீழ்நோக்கி இழுபடும். சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்துவிடும், மண்டையின் முன்பக்கம் ஒடுங்கி எலுமிச்சை வடிவம் கொள்ளும். என் குழந்தையின் சிறுமூளை இரு பக்கமும் உருண்டையாக, அதன் பின்னால் நீர் இருக்க வேண்டிய இடத்தில் நீரோடு இருந்தது. "முதுகைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்றார்.

மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் முழுதாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு எம்.ஆர்.ஐ. மூளை இன்னும் சற்று வளரட்டும் என்று 22 வாரம் தாண்டும்வரை காத்திருக்க வைத்தார்.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். வளையல், மெட்டி, தாலிச் சங்கிலி. அத்தை தயாராக மஞ்சள் கயிறு கொண்டுவந்து கட்டிவிட்டார். ஊழியர் அம்மா சங்கிலியைப் பார்த்துச் சிரித்தார். அதில் ஐந்தாறு ஊக்குகள் தொங்கின. "தங்கத்தைவிட இதுதான்மா வம்பு, காந்தம் இழுத்துவிடும்" என்று புடவை மடிப்பிலும் தேடி இன்னும் ஒன்றைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை, சாய மருந்து ஊசியும் போடவில்லை. இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, காதை அடைத்தார்கள். அப்படியும் இரைச்சல் மண்டையைப் பிளந்தது. புரளும் குழந்தையைப் பிடிக்க வேண்டுமே, அதனால் ஒவ்வொரு படமும் ஒரு நொடி அளவில் எடுக்கப்படுகிறது. நடுநடுவே என்னையும் மூச்சடக்கச் சொன்னார்கள்.

கார்பஸ் கலோசம் முழுதாக இருந்தது. இரத்தக்கசிவு இல்லை. சைட்டோமெகலோ வைரஸ், டாக்சோபிளாஸ்மா ஆகிய தொற்றுகளுக்கான சோதனைகளிலும், பனிக்குட நீரை எடுத்துச் செய்த மரபணுச் சோதனையிலும் குறை இல்லை. வேறெந்தக் கோளாறும் சேராத இத்தகைய லேசான விரிவில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் இயல்பாகவே வளர்கிறார்கள் என்றார் நிபுணர். ஏழாம் மாத ஸ்கேனில் அளவு 10-க்குக் கீழே இறங்கியிருந்தது.

பிறந்த பிறகு உச்சிக்குழி வழியாக மகளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், அதுவும் சரி. இப்போது தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தலைச் சுற்றளவை அளந்து அட்டையில் குறிக்கச் சொல்கிறேன். கேட்காவிட்டால் பல இடங்களில் எடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.