பயணத்தில் பழைய கல்லூரி நண்பர் எதிர்ப்பட்டால்

"நான் யாருன்னு தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். முகம் நினைவிருக்கும், பெயர் சட்டென்று வராது. எல்லோருக்கும் நடப்பதுதான், அன்புக்குறைவு இல்லை. உங்கள் பெயர், துறை, படித்து முடித்த ஆண்டு மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, எண். வாயால் சொல்லி அவசரத்தில் தட்டினால் ஓர் இலக்கம் மாறிவிடும், அப்புறம் ஆளே கிடைக்க மாட்டார். அங்கேயே மிஸ்டு கால் கொடுத்து, அவர் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். பெயரோடு கல்லூரியையும் சேர்த்துப் பதியுங்கள்; வெறும் பெயர் என்றால் அதே பெயர்க்காரர்களுக்குள் தொலைந்துபோவார்.

வண்டி கிளம்ப 15 நிமிடம் முன்னதாக அலாரம் வையுங்கள், பேச்சில் நேரம் தெரியாது. வேலை, கல்யாணம், குழந்தை பற்றி அவராகச் சொன்னால் கேளுங்கள். விடுதிக் கதைகளே தாராளம்! சேர்ந்து எடுத்த படத்தை அன்றிரவே அனுப்பிவிடுங்கள்.