14 சதவீத ஈரமும் அப்பாவின் பெயரும்: அரச விலைக்கு நெல் விற்ற கதை

2024/25 பெரும்போக நெல்லை அரச களஞ்சியத்துக்கு விற்ற காசு கணக்கில் விழுந்துவிட்டது. நாடு ரக நெல் கிலோ 120 ரூபாய், அந்தப் போகத்துக்கு அரசு சொன்ன அதே விலை. சந்தோசம்தான். ஆனால் அந்தச் சந்தோசத்தைவிட வயிற்றெரிச்சல்தான் இன்னும் கூட. இனிவரும் போகங்களில் அரச களஞ்சியத்துக்கு நெல் கொண்டுபோக நினைக்கும் வட இலங்கையின் வன்னிக் கமக்காரர்கள், எங்கெங்கே மறிப்பார்கள் என்று தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் காலம். 2024 நவம்பர் கடைசி வெள்ளத்துக்குத் தப்பிய நெல்லை ஜனவரிக் கடைசியில் மெசின் விட்டு வெட்டினோம். வியாபாரி வயலுக்கே வந்தார். நூறு ரூபாயைத் தொடவே அவருக்கு மனமில்லை. "இந்திய அரிசி வந்து குவிஞ்சு கிடக்குது அண்ணை, இதுக்கு மேல ஏலாது" என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்திய இந்தியா, 2024 செப்டெம்பர் கடைசியில்தான் திரும்பத் திறந்தது. டிசம்பரில் இங்கே அரிசித் தட்டுப்பாடு. கிலோவுக்கு 65 ரூபாய் வரி கட்டினால் யாரும் இறக்கலாம் என்று விட்டார்கள். முதலில் டிசம்பர் 20 வரை, பிறகு ஜனவரி 10 வரை. ஒன்றரை லட்சம் தொன்னுக்கு மேல் வந்து இறங்கியது.

வாங்கிச் சாப்பிடுகிற சனத்துக்கு அரிசி வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரிசி இறக்குவதற்கான வர்த்தமானி அறிவித்தல் சில நாட்களிலேயே வந்துவிட்டது. எங்கள் நெல்லுக்கு விலை சொல்ல 2025 பெப்ரவரி 5 ஆகிவிட்டது: நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132. அதற்குள் மெசின் கூலிக்கும் உரக்கடைக் கடனுக்கும் பதில் சொல்ல முடியாமல் எத்தனை பேர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்! எனக்குக் கடன் நெருக்கம் குறைவு, அதனால் பொறுத்திருந்தேன். அது கெட்டித்தனம் இல்லை, வசதி.

சரி, விலை வந்துவிட்டது, ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால் அங்கேதான் கடதாசிப் படலம் தொடங்கியது. எவ்வளவு காணி செய்தீர்கள் என்று, வயல் பதிவேடு வைத்திருக்கும் அரச அலுவலகமான கமநல நிலையத்தில் கடிதம் எடுத்து வரவேண்டும். அந்தக் கடிதத்தில் உள்ள ஏக்கருக்கு ஏற்பத்தான் நெல் எடுப்பார்கள். எங்கள் காணி இன்னும் பதிவேட்டில் அப்பாவின் பெயரில். கிளாக்கர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்: "இவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவர் செத்துப்போனார் ஐயா."

"அப்ப மரணச் சான்றிதழ், காணிப் பெர்மிற், ஜிஎஸ்ஸின்ர கடிதம் எல்லாம் வேணும்."

மரணச் சான்றிதழ் இருந்தது. பெர்மிற்றின் மூலப்பிரதி 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் எங்கேயோ போய்விட்டது, மிஞ்சியது ஒரு போட்டோக் கொப்பி. கொப்பியைக் காட்டினால் "ஒரிஜினல் எங்க?" என்று கேட்கிறார். வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தனித் துணிவு வேண்டும். ஜிஎஸ்ஸை, அதாவது கிராம அலுவலரைப் பிடிக்கப் போனால் அன்று அவருக்குப் பிரதேச செயலகத்தில் கூட்டம். அலைச்சலை எல்லாம் எழுதினால் பக்கம் போதாது.

கடைசியில் காப்பாற்றியது பக்கத்து மேசையில் இருந்த ஒரு அக்கா. நான் திரும்பவும் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், உர மானியப் பட்டியலை எடுத்து விரித்தார். அந்தப் போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் கொடுத்தார்கள் அல்லவா, அதில் அதே காணிக்கு என் பெயர், என் அடையாள அட்டை இலக்கம், என் வங்கிக் கணக்கு. "உரக் காசு குடுக்கேக்க இவர்தான் செய்யிறார் எண்டு தெரிஞ்சுதுதானே. நெல்லு விக்கேக்க மட்டும் ஆள் மாறுமோ?" என்றார். கிளாக்கர் ஒன்றும் பேசவில்லை. கடிதம் அங்கேயே, அப்போதே கிடைத்தது.

ஆகவே, காணி அப்பா பெயரிலோ கனடாவில் இருக்கும் சித்தப்பா பெயரிலோ இருந்தால், மானியக் காசு விழுந்த பக்கம் தெரிகிற மாதிரி வங்கிப் புத்தகத்தைக் கொப்பி எடுத்து வைத்திருங்கள். விதைத்த மாதமே அந்தக் கடிதத்தையும் கேட்டுவிடுங்கள். அறுவடை நேரம் எல்லோரும் ஒரே கிழமையில் போய் நிற்பார்கள்.

அடுத்தது ஈரம். 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தொடமாட்டார்கள். மெசின் வெட்டின நெல் எங்கே 14இல் இருக்கும்? எல்லோரையும் போலப் படங்கு விரித்துத் தெருவோரம் காயவிட்டேன். ஆலை ஒன்றில் அளந்தபோது 14க்குள் காட்டியது. நம்பி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனால், களஞ்சியத்துக் கருவி 15க்கு மேல் சொல்லுகிறது. ஆலைக் கணக்கைச் சொன்னேன். "அப்ப ஆலைக்கே குடுங்கோ" என்று பதில் வந்தது. ஏற்றின மூடை எல்லாம் திரும்பவும் வீட்டுக்கு, வாடகை என் தலையில். இன்னொரு தரம் காயவிட்டுத்தான் ஏறியது. முழு நெல்லையும் ஏற்றுவதற்கு முன்னால், நாலைந்து மூடைகளில் இருந்து கையளவு எடுத்து ஒரு பையில் கொண்டுபோய் அவர்களின் கருவியிலேயே அளந்து பாருங்கள். அளந்து தரமாட்டோம் என்று சொல்வதில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடுங்கள். 18 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல், 14க்குக் காயும்போது 95 கிலோவுக்குக் கிட்டத்தான் நிற்கும். அதாவது அரசு சொன்ன அந்த 120 ரூபாய், ஈர நெல்லுக்கு 114 ரூபாய் மாதிரி. அதில் காயவிடும் கூலி, ஏற்றுக் கூலி, அலைச்சல் எல்லாம் கழியும். வியாபாரி வாசலில் நின்று ஈரத்தோடு 110 தந்தால், மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்காமலும் இருந்தால், தாராளமாகக் கொடுக்கலாம். அரச விலையின் உண்மையான பயன் எனக்குத் தெரிந்தது அங்கேதான்: நான் களஞ்சியத்துக்கு ஏற்றுகிறேன் என்று கேள்விப்பட்டதும் அதே வியாபாரி விலையை ஏற்றிக்கொண்டு வந்தார்.

நிறுவை, பற்றுச்சீட்டு, வங்கி, இவற்றில் ஒரு கரைச்சலும் இல்லை.

சிறுபோகம், அதாவது குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற கோடைப் போகம், வேறு கதை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் செய்கிறவர்களுக்கு அதில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. குளத்துத் தண்ணீர் போதுகிற அளவு காணியை மட்டும் கூட்டத்தில் எல்லோருக்கும் பங்கு பிரிப்பதால், பலர் செய்வது தங்கள் சொந்தக் காணியையே அல்ல. பதிவேட்டில் ஒரு துண்டு, நெல் விளைந்தது வேறு துண்டு. களஞ்சியத்துக்குக் கடிதம் எந்தத் துண்டுக்குத் தருவீர்கள் என்று பங்கு பிரிக்கும் கூட்டத்திலேயே எழுந்து கேட்டு, பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுத வையுங்கள். எங்கள் கமக்கார அமைப்பில் நான் கேட்கப்போகிறேன்.